உலாவியை மீள நிறுவுவதால் பெயர் திறவாது

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் கணினிக் கேள்வி பதில் பகுதியில் அண்மையில் வாசகர் ஒருவர், தமது மடிக்கணினியில் தாம் உருவாக்கிவரும் இணையத்தளத்திற்கு ஒரு பெயர் வைத்ததாகவும், அப்பெயரை உலாவியில் தட்டெழுதினால் தளம் திறக்கவில்லை என்றும் எழுதிக் கேட்டிருந்தார். உலாவியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுமாறும், அதுவும் பயனளிக்காவிடின் விண்டோஸைப் புதிதாகப் போடுமாறும் அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. இணையத்தள உருவாக்கத்தைத் தொழிலாகக் கொண்டு, மாலை வேளைகளில் அதனைக் கற்பித்தும் வருபவன் என்ற முறையில், இப்பதில் ஏன் தவறானது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகின்றேன். இதே ஆலோசனை யாழ்ப்பாணத்துப் பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் மாணவருக்கு வழங்கப்படும் அச்சுக் குறிப்புகளிலும் காணப்படுவதால், இது ஒரு வாசகரோடு முடிகின்ற விடயம் அன்று. செயற்றிட்டத்தை ஒப்படைக்க வேண்டிய வாரத்தில் மடிக்கணினியைத் திருத்தும் கடைக்குக் கொண்டு சென்று, பணமும் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்துப் போட்டுக்கொண்டு, அதே பிழையோடு திரும்பி வருகின்ற பிள்ளைகளை நான் தொடர்ந்து காண்கின்றேன்.

உலாவியில் தட்டிய பெயர் நேரே இணையத்துக்குப் போவதில்லை. அப்பெயருக்குரிய ஐ.பி. இலக்கம், அதாவது தளம் உள்ள கணினியின் வலையமைப்பு முகவரி, முதலில் தெரிய வேண்டும். அப்பெயருக்கு முன்னர் கிடைத்த விடை ஏதேனும் தன் தற்காலிக நினைவகத்தில் உண்டா என்று உலாவி முதலில் பார்க்கின்றது. இல்லையெனில் இயங்குதளத்தைக் கேட்கின்றது. இயங்குதளம் தனது ஹோஸ்ற்ஸ் கோப்பையும் (பெயர்களையும் அவற்றுக்குரிய இலக்கங்களையும் நாமே எழுதி வைக்கக்கூடிய சிறு கோப்பு), தான் சேமித்து வைத்துள்ள பழைய விடைகளையும் பார்த்து, அங்கும் கிடைக்காதபோதே றவுற்றரோ இணைய வழங்குநரோ சுட்டிய, பெயருக்குரிய இலக்கத்தைச் சொல்லும் டி.என்.எஸ். சேவையகத்திடம் கேட்கின்றது. உலாவி ஒரு புரொக்சி (இடையில் நின்று நம் கேள்விகளை இணையத்துக்கு அனுப்பும் கணினி) ஊடாக இணைக்கப்பட்டிருந்தால் இந்த ஒழுங்கே மாறிவிடும்: பெயரைத் தேடும் வேலை புரொக்சிக் கணினிக்குப் போய்விடும், அக்கணினிக்கோ உங்கள் மேசையில் உள்ள பெயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே விடை சொல்லக்கூடியவர்கள் பலர். அவர்களுள் யார் சொன்ன விடை பிழை என்று அறியாமல் உலாவியை மீள நிறுவுவதால், மிஞ்சிப்போனால் முதலாமவரின் நினைவகம் வெறுமையாகும். விண்டோஸையே புதிதாகப் போட்டாலோ, ஹோஸ்ற்ஸ் கோப்பு தொடக்க நிலைக்குத் திரும்பி, மாணவர் சரியாக எழுதியிருந்த ஒரேயொரு வரியும் அதனோடு அழிந்துவிடும்.

திரையில் தோன்றும் பிழைச் செய்தியை வாசிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் மாணவர்கள் பலர் அப்பக்கத்தைக் கண்டவுடன் மூடிவிடுகின்றார்கள், பாதி விடை அங்கேயே எழுதப்பட்டிருந்தும். குரோம் உலாவியில் செய்தியின் அடியில் சிறிய எழுத்தில் 'என்.எக்ஸ்.டொமைன்' என்று முடியும் வரி காணப்பட்டால், அப்படியொரு பெயர் இல்லை என்ற விடை எங்கிருந்தோ வந்திருக்கின்றது. கோளாறு பெயர் தேடும் இடத்தில் உள்ளது. 'கனெக்ஷன் ரிபியூஸ்ட்' என்று முடிந்தால், பெயர் ஐ.பி. இலக்கமாக மாறிவிட்டது, ஆனால் அந்த இலக்கத்தில், கேட்ட போர்ட்டில் (ஒரே கணினியில் உள்ள சேவைகளைப் பிரித்தறியும் இலக்கம்), பதிலளிக்க எந்தச் சேவையகமும் இல்லை. தளத்தை வழங்கும் சேவையக மென்பொருளான அப்பாச்சியைத் தொடக்க மறந்திருக்கலாம், அல்லது அது 80ஆம் போர்ட்டில் அன்றி 8080இல் ஓடிக்கொண்டிருக்கலாம். தளத்துக்குப் பதிலாக அப்பாச்சியை உள்ளடக்கிய சாம்ப் மென்பொருளின் வரவேற்புப் பக்கம் திறந்தால் பெயரும் சரி, சேவையகமும் சரி. அப்பெயருக்குரிய கோப்புறை எது என்று அப்பாச்சியின் வேர்ச்சுவல் ஹோஸ்ற் அமைப்பில் எழுதப்படவில்லை அல்லது எழுதிய பின் அப்பாச்சி மீளத் தொடக்கப்படவில்லை. பெயர் எதனோடும் பொருந்தாதபோது அப்பாச்சி தன் பட்டியலில் முதலாவதாக உள்ள தளத்தையே காட்டும். இந்நிலைகளுள் முதலாவது மட்டுமே பெயர் சார்ந்தது; எனினும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்கப்படுகின்றது.

அடுத்ததாக, கட்டளைச் சாளரத்தைத் திறந்து அப்பெயருக்கு 'பிங்' கொடுத்துப் பார்க்க வேண்டும். விடை வருகின்றதா என்பது இங்கு முக்கியமன்று. முதல் வரியில் எந்த ஐ.பி. இலக்கம் காட்டப்படுகின்றது என்பதே வேண்டியது. இவ்விடத்தில் பலரும், கற்பிப்பவர்கள் உட்பட, 'என்.எஸ்.லுக்கப்' கட்டளையைப் பயன்படுத்திக் குழம்பிப் போகின்றார்கள். அக்கட்டளை ஹோஸ்ற்ஸ் கோப்பை எட்டியும் பார்ப்பதில்லை, நேரே டி.என்.எஸ். சேவையகத்திடம் கேட்டு, அங்கு இல்லாத பெயரை இல்லை என்றே சொல்லும். எனவே ஹோஸ்ற்ஸ் கோப்பில் எல்லாம் சரியாக எழுதியிருந்தும், என்.எஸ்.லுக்கப் காட்டிய விடையை நம்பிச் சரியானதைத் திருத்தத் தொடங்கிவிடுகின்றார்கள். பிங் கட்டளையோ இயங்குதளத்தின் வழியாகவே பெயரைத் தேடுவதால், உலாவி வழமையாகச் செல்லும் பாதையை அது ஏறத்தாழ ஒத்தது. பிங் 127.0.0.1 (தன் சொந்தக் கணினியையே குறிக்கும் இலக்கம்) என்று காட்டியும் உலாவி அப்பெயரை அறியாதிருந்தால் குற்றம் உலாவியினுடையது. பிங் கட்டளைக்கும் பெயர் தெரியாவிட்டால் உலாவியைத் தொடவே வேண்டாம், ஹோஸ்ற்ஸ் கோப்பைப் பார்க்க வேண்டும்.

ஹோஸ்ற்ஸ் கோப்பு இணையத்தின் மிகப் பழைய உறுப்புகளுள் ஒன்று. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் ஆள்களப் பெயர் முறைமையை (டி.என்.எஸ்.) வகுத்து வெளியிடும் முன்னர், வலையமைப்பில் இருந்த கணினிகள் அனைத்தினதும் பெயர்கள் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்பட்டு, அங்கிருந்து மற்றவர்களால் பிரதி எடுக்கப்பட்டு வந்தன. அதன் வழித்தோன்றலே இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கின்றது. விண்டோஸில் அது சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈ.ரி.சி. என்னும் கோப்புறையில் உள்ளது. அதில் எழுத வேண்டியது மிக எளிது: 127.0.0.1, ஓர் இடைவெளி, பின்னர் கடை.ரெஸ்ற் என்பது போன்ற பெயர். (இத்தகைய பெயர்களை இக்கடிதத்தில் தமிழில் எழுதினாலும் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டெழுத வேண்டும்.) எளிதாக இருப்பதாலேயே பிழை விடுகின்றார்கள். பெயரின் முன்னால் 'எச்.ரி.ரி.பி.' சேர்ப்பது, பின்னால் போர்ட் இலக்கத்தைச் சேர்ப்பது, எல்லா உப பெயர்களையும் அடக்க நட்சத்திரக் குறியிடுவது ஆகிய எதையும் இக்கோப்பு ஏற்றுக்கொள்ளாது. உப பெயர் ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதியாக வேண்டும்.

திருநெல்வேலியில் மாணவி ஒருவரின் மடிக்கணினியில் நான் கண்டதை இங்கு சொல்வது பொருத்தம். அவர் நோட்பாட் மூலம் கோப்பைத் திறந்து, வரியைச் சேர்த்து, சேமிக்க முயன்றபோது அனுமதி இல்லை என்று விண்டோஸ் மறுத்திருக்கின்றது. நிர்வாகி உரிமையோடு நோட்பாட்டைத் திறந்திருந்தால் அது சேமித்திருக்கும். அவரோ கோப்பை டெஸ்க்ரொப்பில் சேமித்து, அங்கிருந்து ஈ.ரி.சி. கோப்புறைக்குள் நகர்த்தியிருக்கின்றார். விளைவாக அக்கோப்புறையில் ஹோஸ்ற்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே கிடந்தன. கோப்பு நீட்சிகளை விண்டோஸ் மறைத்து வைப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இரண்டாவதன் வகை நிரலில் 'ரெக்ஸ்ற் டொக்கியுமென்ற்' என்று இருந்தது. அதாவது அதன் உண்மைப் பெயர் ஹோஸ்ற்ஸ்.ரி.எக்ஸ்.ரி. விண்டோஸ் அதனை ஒருபோதும் வாசிக்கப் போவதில்லை. நீட்சிகளைக் காட்டும்படி எக்ஸ்புளோரரில் ஒரு தெரிவை இட்டவுடன் இது வெளிப்பட்டுவிட்டது.

தமிழில் குறிப்பு எழுதும் நல்ல பழக்கமுள்ளவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. சதுரக் குறியின் (#) பின்னால் தமிழில் ஒரு விளக்கம் எழுதிச் சேமிக்கும்போது, பழைய நோட்பாட் சில எழுத்துகள் இழக்கப்படும் என்று எச்சரித்து, 'யூனிக்கோட்' என்ற தெரிவைத் தரும். அதைத் தெரிந்தால் கோப்பு முழுவதும் யு.ரி.எப்.16 முறைக்கு மாறி, அதிலுள்ள எந்த வரியையும் விண்டோஸால் விளங்கிக்கொள்ள முடியாமற் போய்விடும். 2019இன் பின் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் நோட்பாட் இயல்பாகவே யு.ரி.எப்.8 முறையில் சேமிப்பதால் இத்தொல்லை குறைந்துள்ளது. பழைய கணினிகளோ நம்மிடையே இன்னும் ஏராளம் புழங்குகின்றன.

பெயரைத் தெரிவு செய்வதிலேயே பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. அச்சுக் குறிப்புகள் மீது எனக்குள்ள முதன்மையான குறையும் இதுவே. அவற்றில் மாணவரின் தளத்துக்கு '.டெவ்' என்று முடியும் பெயரை வைக்கச் சொல்லப்படுகின்றது. ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்தோம். அது யாருக்கும் சொந்தமில்லாத ஈற்றுப் பெயர் என்று எண்ணியிருந்தோம். இன்று அது கூகிள் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள, 2019 முதல் யாரும் பணம் செலுத்திப் பதியக்கூடிய உண்மையான ஆள்களம். அதைவிட முக்கியமாக, 2017 டிசம்பரில் வெளிவந்த குரோம் 63ஆம் பதிப்பிலிருந்து அந்த ஈற்றுப் பெயர் முழுவதும் மறையாக்கப்பட்ட இணைப்பிலேயே திறக்கப்பட வேண்டும் என்ற பட்டியல் உலாவிக்குள்ளேயே பதியப்பட்டுவிட்டது. ஹோஸ்ற்ஸ் கோப்பு சரியாக இருந்தும், அப்பாச்சி ஓடிக்கொண்டிருந்தும், உலாவி தானாகவே மறையாக்கப்பட்ட இணைப்புக்குரிய 443ஆம் போர்ட்டுக்கு மாறி, சான்றிதழ் இல்லை என்று நிறுத்திவிடும். எச்சரிக்கையைக் கடந்து செல்லும் வழியும் அங்கு தரப்படுவதில்லை. உலாவியை எத்தனை தடவை மீள நிறுவினாலும் அப்பட்டியல் அதனோடு சேர்ந்தே வரும். தங்கள் பதிலின் தவறு இந்த இடத்தில் மிகத் தெளிவாக வெளிப்படுகின்றது.

வேறு சில குறிப்புகள் '.லோக்கல்' என்னும் ஈற்றைப் பரிந்துரைக்கின்றன. அதுவும் உகந்ததன்று. 2013இல் வெளியான ஆர்.எப்.சி. 6762 என்ற இணையத் தரநிலை ஆவணம் அந்த ஈற்றை, அருகிலுள்ள அச்சுப்பொறி முதலான கருவிகள் தம் பெயரைத் தாமே அறிவித்துக்கொள்ளும் முறைக்கு ஒதுக்கிவிட்டது. அப்பெயர்களுக்கான கேள்வி வழமையான டி.என்.எஸ். சேவையகத்துக்குப் போகாமல், உள்ளக வலையமைப்பில் 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில் பொதுவாக எழுப்பப்படும். அதனால் அலுவலகச் சேவையகத்தில் பதிந்த '.லோக்கல்' பெயர் ஒரு கணினியில் திறப்பதும், பக்கத்து மேசையில் உள்ள உபுண்டு கணினியில் திறக்காதிருப்பதும் வியப்பன்று.

எவருக்கும் விற்கப்பட மாட்டாதவை என்று 1999ஆம் ஆண்டிலேயே ஆர்.எப்.சி. 2606 மூலம் ஒதுக்கப்பட்ட பெயர்கள் இருக்கும்போது இந்தச் சிரமம் எதற்கு? '.ரெஸ்ற்', '.லோக்கல்ஹோஸ்ற்' ஆகிய இரண்டும் அவ்வாறானவை. ஹோஸ்ற்ஸ் கோப்பில் எழுதிப் பயன்படுத்துவதற்கு முதலாவதையே நான் எப்போதும் சொல்வேன். இரண்டாவதில் ஒரு தனி வசதி உண்டு: கடை.லோக்கல்ஹோஸ்ற் என்பது போன்ற எப்பெயரையும் குரோம் யாரையும் கேளாமலே தன் கணினிக்குரியதாகக் கொள்ளும், பயர்பொக்ஸும் 84ஆம் பதிப்பிலிருந்து அவ்வாறே செய்கின்றது. ஹோஸ்ற்ஸ் கோப்பைத் தொட அனுமதி இல்லாத ஆய்வுகூடக் கணினிகளில் இது பெரிய உதவி. ஆனால் உலாவிக்கு வெளியே உள்ள மென்பொருள்கள் எல்லாமே அப்பெயரை அறியும் என்று எதிர்பார்க்க முடியாது. நிறுவனங்களின் உள் வலையமைப்புக்கு '.இன்ரேனல்' என்ற ஈற்றை இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024இல் ஒதுக்கியிருப்பதையும் இங்குள்ள சிறு நிறுவனங்கள் கவனத்தில் கொள்ளலாம்.

இனி, பிங் சரியாக இருந்தும் உலாவி மறுக்கும் நிலை. பழைய விடையை உலாவி நினைவில் வைத்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். விண்டோஸின் நினைவகத்தை 'ஐ.பி.கொன்பிக்' கட்டளையின் 'பிளஷ் டி.என்.எஸ்.' தெரிவால் வெறுமையாக்கலாம். குரோமுக்குத் தன் முகவரிப் பட்டையிலேயே திறக்கக்கூடிய 'நெற் இன்ரேனல்ஸ்' பக்கமும், பயர்பொக்ஸுக்கு 'எபவுட் நெற்வேர்க்கிங்' பக்கமும் இதற்கென உள்ளன. முன்னொரு நாள் அதே பெயரில் நிரந்தரத் திசைதிருப்பல் ஒன்றை அமைத்திருந்தால் உலாவி அதனையும் நெடுநாள் மறவாது. மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். 2018இல் ஆர்.எப்.சி. 8484 மூலம் வகுக்கப்பட்ட, டி.என்.எஸ். கேள்விகளை மறையாக்கி வெளிச் சேவையகத்துக்கு அனுப்பும் முறையையும் கவனிக்க வேண்டும். உலாவிகள் அதனைப் பாதுகாப்பான டி.என்.எஸ். என்று அழைக்கின்றன. அம்முறையிலும் ஹோஸ்ற்ஸ் கோப்பு பொதுவாக மதிக்கப்படுகின்றது. ஆனால் அலுவலக றவுற்றரில் மட்டும் பதியப்பட்ட பெயர்களை வெளிச் சேவையகம் அறிய வழியில்லை. அத்தெரிவை நிரந்தரமாக நிறுத்திவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தரங்கத்துக்காக வந்த வசதி அது. சோதிக்கும் நேரத்தில் நிறுத்திப் பார்த்து, பின் மீள இயக்கிவிடலாம்.

லோக்கல்ஹோஸ்ற் என்ற பெயரே திறக்காது, 127.0.0.1 என்று இட்டால் மட்டும் திறக்கும் என்ற முறைப்பாடும் எனக்கு அடிக்கடி வருகின்றது, அல்லது அதன் மறுதலை. அப்பெயருக்கு ஐ.பி. நான்காம் பதிப்பில் ஒரு முகவரியும் ஆறாம் பதிப்பில் இன்னொன்றும் உண்டு என்பதும், சேவையகம் அவற்றுள் ஒன்றில் மட்டும் காத்திருக்கலாம் என்பதும் காரணம். 2021இல் வந்த, சேவையக நிரல்களை இயக்கும் நோட்.ஜே.எஸ். மென்பொருளின் 17ஆம் பதிப்பு, நான்காம் பதிப்பு முகவரிக்குத் தந்துவந்த முதலிடத்தைக் கைவிட்டதன் பின்னர் இது அதிகமாகத் தலைகாட்டுகின்றது. மென்பொருள்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டொக்கரைப் பயன்படுத்துவோர், கொள்கலனுக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கொள்கலனையே குறிக்கும் என்பதை நினைவிற் கொண்டால் போதும்.

கைபேசியில் சோதிப்பது தனி விடயம். நம்மிடையே வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கைபேசியிலேயே தளத்தைப் பார்ப்பதால், மாணவர்களும் அதிலேயே திறந்து பார்க்க விரும்புகின்றார்கள். மடிக்கணினியின் ஹோஸ்ற்ஸ் கோப்பைக் கைபேசி வாசிக்காது, கைபேசிக்கு 127.0.0.1 என்பது கைபேசியே. இரண்டும் ஒரே வைபையில் இருக்கும்போது மடிக்கணினியின் உள்ளக இலக்கத்தை இட்டுத் திறக்கலாம், அதற்கு விண்டோஸின் தீச்சுவர் அனுமதிக்க வேண்டும். கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்வோருக்கு அவ்விலக்கம் இணைக்கும்தோறும் மாறக்கூடும். றவுற்றரிலேயே பெயரைப் பதிவது நல்ல வழி. ஆயினும் அண்ட்ரொயிட் 9 முதல் உள்ள 'பிறைவேற் டி.என்.எஸ்.' தெரிவில் வெளி வழங்குநர் ஒருவரின் பெயர் இடப்பட்டிருந்தால் கைபேசி றவுற்றரிடம் கேட்காது.

தமிழில் தளம் அமைப்போருக்காக ஒன்று கூற வேண்டும். இலங்கைக்கு '.இலங்கை' என்ற ஈற்றுப் பெயர் 2010இலேயே கிடைத்துவிட்டது. அதற்கும் முன்னர், 2007இல் ஐகான் நடத்திய பரீட்சார்த்தத்தில் 'உதாரணம்.பரிட்சை' என்ற தமிழ் முகவரி வேறு பத்து மொழி எழுத்து வடிவங்களின் முகவரிகளோடு இயங்கியது என்பதை நம்மவர் பலர் அறியார். இன்று ஒருவர் '.இலங்கை' என்று முடியும் தளத்தை வெளியிடும் முன் தன் கணினியில் சோதிக்க விரும்பி, அத்தமிழ்ப் பெயரை அப்படியே ஹோஸ்ற்ஸ் கோப்பில் எழுதினால் அது வேலை செய்யாது. உலாவி தேடத் தொடங்கும் முன்னரே தமிழ்ப் பெயரை, எக்ஸ், என் ஆகிய எழுத்துகளும் இரு சிறுகோடுகளும் முன்னால் வரும் 'பியூனிகோட்' வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றது. ஹோஸ்ற்ஸ் கோப்பிலும் அப்பாச்சியின் அமைப்பிலும் இந்த வடிவத்தையே எழுத வேண்டும். முகவரிப் பட்டையில் மட்டும் தமிழில் தட்டலாம். பள்ளி, கோயில், சனசமூக நிலையம் எனத் தமிழ்ப் பெயரில் தளம் வைக்க விரும்புவோர் இதனை அறியாமல், தமிழ் ஆள்களம் சரிவராது என்று கைவிட்டதைக் கண்டிருப்பதால் இதனை அழுத்திச் சொல்கின்றேன்.

தங்கள் பகுதியில் அப்பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், பயிற்சி நிலையங்களை நடத்துவோர் தம் குறிப்புகளில் '.டெவ்' வரும் இடங்களை '.ரெஸ்ற்' என்று மாற்றி, மீள நிறுவுமாறு கூறும் வரியை நீக்கிவிடுமாறும் கேட்டுக்கொள்கின்றேன். கேள்வி கேட்ட வாசகர், பிழைச் செய்தியின் கடைசி வரியையும், பிங் காட்டிய இலக்கத்தையும், தாம் ஹோஸ்ற்ஸ் கோப்பில் எழுதிய வரியையும் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தால், எந்த இடத்தில் தவறு நேர்ந்துள்ளது என்று பெரும்பாலும் அம்மூன்றைக் கொண்டே சொல்லிவிட முடியும். எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
இணையத்தள வடிவமைப்பாளர் ஒருவர்,
கொக்குவில்.